பினாங்கு தண்ணீர்மலைப் படியேறினால் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரே சுத்தம். வயசுதான் காரணமா?

513 படி யாருக்கும் மூச்சு வாங்கும்தான். ஆனால் பல வருடம் புகைத்தவர் ஐம்பதாவது படியிலேயே உட்கார்ந்தால், வயதின் மேல் பழி போடாதீர்கள். ஆரம்பகட்ட சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய், எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைக் கேளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்குப் பிறகும், ஊதும் காற்றில் முதல் நொடியில் வருவது 70 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் அடைப்பு இருக்கிறது.

இப்போது இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்களையும் எண்ணுகிறார்கள். மைக்ரோலிட்டருக்கு 300-ஐத் தாண்டினால் இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்ப்பது உதவும். 100-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் பலனில்லை, நிமோனியா அபாயம் வேறு. 2024இல் அமெரிக்கா டூபிலுமாப் ஊசியையும் சிஓபிடிக்கு அனுமதித்தது, எல்லாருக்கும் அல்ல.

அப்புறம், பட்டர்வொர்த்தில் என் மாமா இரண்டு வருடம் இன்ஹேலர் அடித்தார், மருந்தெல்லாம் நாக்கில்தான். மருந்து நுரையீரலுக்குப் போக உதவும் ஸ்பேசர் குழாயை இன்ஹேலரில் மாட்டிய பிறகே இருமல் அடங்கியது. புகையை நிறுத்தியாச்சா என்றும் பாருங்கள்.