ஆர்ஓவில் தண்ணீர் குறைந்தால் மெம்பரேனைத்தான் மாற்ற வேண்டுமா?

போர் தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1200, மெம்பரேன் (உப்பை வடிகட்டும் படலம்) 75 ஜிபிடி, அதாவது ஒரு நாளுக்கு 75 கேலன். டேங்க் நிரம்ப இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, மெக்கானிக் மெம்பரேன் போச்சு என்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு டிடிஎஸ் மீட்டரும் அளவுக் குவளையும் போதும்.

மெம்பரேன் ஹவுசிங்கின் (மெம்பரேன் இருக்கும் உறை) ஒரு முனையில் இரண்டு ட்யூப் வெளியே வரும். எஃப்ஆர் (ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், கழிவு நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுண்டுவிரல் அளவு வெள்ளைக் குழல்; மேலே 300 அல்லது 450 என்று எழுதியிருக்கும், அது நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்பது) மாட்டியது கழிவு நீர், மற்றது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் ட்யூபை அங்கேயே கழற்றி, மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒரு நிமிடம் தனித்தனியாகப் பிடியுங்கள். குடிக்கும் குழாயில் பிடித்து டிடிஎஸ் பார்ப்பதில் பயனில்லை; டிடிஎஸ் கன்ட்ரோலர் (நல்ல தண்ணீரில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் திருகு) இருந்தால் அங்கே உப்புத் தண்ணீரும் கலந்திருக்கும்.

75 ஜிபிடி என்பது நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி. வீட்டில் 150 வந்தாலே நல்ல நிலை. குளிர்காலத்தில் இன்னும் குறையும், அது கோளாறு அல்ல.

கழிவு நீர் எஃப்ஆரில் உள்ள எண்ணை ஒட்டியே வந்து, நல்ல தண்ணீர் மட்டும் 70, 80 மில்லி என்றால் பம்ப் பிரஷர் சரி, மெம்பரேனில்தான் உப்பு படிந்திருக்கிறது. மெக்கானிக் சொன்னது சரி, மாற்றுங்கள். இரண்டுமே குறைவென்றால் கோளாறு மெம்பரேனுக்கு முன்னால். மெஷின் ஓடும்போது பம்புக்குள் போகும் ட்யூபைக் கழற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சாமல் நூலாக வந்தால் செடிமென்ட் (மண், தூசி பிடிக்கும்) அல்லது கார்பன் (கரி) ஃபில்டர் அடைத்திருக்கிறது. நன்றாக வந்தால் கோளாறு பம்பில் அல்லது அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரில். கழிவு மட்டும் எண்ணைத் தாண்டிக் கொட்டினால் எஃப்ஆர் போயிற்று. அதன் விலை மெம்பரேனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதே எண்ணில் வாங்கி, அம்புக்குறி கழிவுப் பக்கம் பார்க்க மாட்டுங்கள். கழிவு அறவே நின்றிருந்தால் மெஷினை உடனே அணையுங்கள். வெளியேற வழியில்லாத உப்பு மெம்பரேன் மேலேயே படியும்.

டிடிஎஸ் கணக்கு வேறு. உள்ளே 1200 என்றால் மெம்பரேன் முனையில் 120-க்குள் வர வேண்டும். புது மெம்பரேன் போட்ட அன்றே 400 காட்டினால் உள்முனையின் ஓ-ரிங் மடங்கியிருக்கும். கழற்றி, நனைத்து, நேராக அழுத்தி உட்கார வையுங்கள்.

குளோரின் கலந்த மாநகராட்சித் தண்ணீரில் மெம்பரேன் கெடும் விதமே வேறு. கார்பன் ஃபில்டரை மாற்றாமல் விட்டால் குளோரின் மெம்பரேனை அரிக்கும். தண்ணீர் குறையாது, டிடிஎஸ் ஏறும். வேகமாக வருகிறதே என்று பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

புது கார்பன் போட்டதும் பம்பில் இணைக்குமுன், கரித்தூள் போய்த் தெளிவாக வரும்வரை தண்ணீரை வாளியில் விடுங்கள். புது மெம்பரேன் என்றால் முதல் டேங்க் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.