தாத்தாவுக்கு வந்த சர்க்கஸ் கடிதமும் இரண்டு தலைப்பெழுத்துகளும்

பழைய கடிதம் ஒன்றில் வெறும் பெயர்கள் மட்டும் இருக்கும்போது, அதை எழுதியவரையும் அதில் குறிப்பிடப்படுபவர்களையும் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பது என் அனுபவம். ஆனால், எழுதியவரின் ஊரில் பெயர் எப்படி வைக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் நான் ஏறத்தாழ ஓராண்டை இழந்தேன்.

என் தாத்தா மதுரையில் தையற்காரராக இருந்தவர். தமுக்கம் மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் அடிக்கும் நாள்களில், கலைஞர்களின் உடைகளில் கிழிசல் தைப்பதும் சமிக்கி வைப்பதும் அவர் வேலை. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் பாபின்களுக்கு அடியில் ஓர் இன்லேண்ட் கடிதம் கிடைத்தது. "டெய்லர் அண்ணனுக்கு" என்று தொடங்கி, மடிப்பு ஓரங்கள் வரை இடம் விடாமல் எழுதப்பட்டிருந்தது. எழுத்து தமிழ்தான், ஆனால் ஓரிடத்தில் "ஞான்" என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே "நான்" என்று திருத்தியிருந்தார். அந்த ஒரு திருத்தம் எழுதியவர் மலையாளி என்பதைச் சொல்லிவிட்டது.

தேதி எழுதப்படவில்லை. கடிதத்திலேயே அச்சிட்டிருந்த தபால்தலையில், அக்காலத்துப் புதிய காசின் பெயரான நயா பைசா என்று இருந்ததால், 1957-க்கும் 1960களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். அஞ்சல் முத்திரையோ நாக்பூருடையது. சர்க்கஸ்காரர் கடிதத்தில் முத்திரையை நம்பி ஊரைத் தேடக் கூடாது. அது அந்த மாதம் கேம்ப் நடந்த ஊரைத்தான் காட்டும்.

"நீங்கள் எல்லோரும் எப்படி ஒரே ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று தாத்தா எப்போதோ கேட்டிருக்கிறார், அதற்கான விடைதான் கடிதம் முழுவதும். "எல்லாம் டீச்சர் போட்ட விதை" என்றும், "விஜயாவை விட்டு வந்த பிறகு எனக்கு மனம் சரியில்லை" என்றும் அதில் இரண்டு வரிகள் இருந்தன. எங்கள் வீட்டில் அனைவரும், கதையில் இரண்டு பெண்கள் இருப்பதாகவே நம்பினோம். இருவருமே பெண்கள் அல்லர். டீச்சர் என்பது வட கேரளத்துத் தலைச்சேரியின் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்பித்த அவரை அவ்வூரில் குஞ்ஞிக்கண்ணன் டீச்சர் என்றே சொல்கிறார்கள். விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் தொடங்கிய கிரேட் இந்தியன் சர்க்கஸ் சில ஆண்டுகள் கழித்துத் தலைச்சேரிக்கு வந்தபோது இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. 1901-இல் அருகிலுள்ள சிறக்கரையில் குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளியைத் தொடங்கினார். இந்திய சர்க்கஸ் கூடாரங்களில் தலைச்சேரிக்காரர்கள் நிறைந்ததற்கு அந்தப் பள்ளியே காரணம். விஜயா என்பதோ ஒரு கம்பெனியின் பெயர். அந்த விஜயா சர்க்கஸைத்தான் எம்.வி. சங்கரன் தம் கூட்டாளியுடன் சேர்ந்து வாங்கி, 1951-இல் குஜராத்தின் பிலிமோராவில் ஜெமினி சர்க்கஸ் என்று புதிதாகத் தொடங்கினார்.

கடிதம் சொல்வதெல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. முதல் மலபார் கம்பெனியை டீச்சரே நடத்தினார் என்று அவர் எழுதியிருந்தார். 1904-இல் மலபார் கிராண்ட் சர்க்கஸைத் தொடங்கியவர் டீச்சரின் மாணவரான பரியாலி கண்ணன். கூடாரத்தில் வாய்வழியாகக் கேட்டதை எழுதும்போது குருவும் சீடரும் ஒருவராகிவிடுவது இயல்புதான்.

இனி, நான் ஓராண்டை இழந்த இடம். கையெழுத்தில் இரண்டு தலைப்பெழுத்துகளும் ஒரு பெயரும் இருந்தன. தமிழனாகிய நான், முதலெழுத்து அப்பா பெயர் என்று எண்ணி, அந்த எழுத்தில் தொடங்கும் அப்பாக்களைத் தேடிக்கொண்டிருந்தேன். வட மலபாரில் அது பெரும்பாலும் தாய்வழிக் குடும்பத்தின் வீட்டுப்பெயர். மூர்க்கோத்து என்ற தாய்வழிப் பெயர்தான் சங்கரனின் 'எம்' ஆனது. ஆனால் உலகத்துக்கு அவர் ஜெமினி சங்கரன். கயிற்றின் மேல் ஆடி, 1930களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்ற தலைச்சேரிக்காரர் ஒருவரை அங்குள்ளவர்கள் கண்ணன் பொம்பாயோ என்றே அறிந்திருந்தார்கள். வீட்டுப்பெயர், விளம்பரப் பெயர், கேம்பில் கூப்பிடும் பெயர் என ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள் இருக்கும். ஊரில் செல்லுபடியாவது வீட்டுப்பெயர் மட்டுமே. மலபார் மாவட்டம் 1956 வரை சென்னையின் ஆட்சியில் இருந்ததால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நில வரிக் கணக்குக்கு அது சரியான இடம். பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டுப் போய், சர்க்கஸ் கம்பியில் 'பார்' விளையாடியவரைத் தேட ஊருக்குத்தான் போக வேண்டும்.

தலைச்சேரியில் வழி காட்டியவர் ஓய்வுபெற்ற ட்ரபீஸ் (தொங்கும் ஊஞ்சல்) கலைஞர் ஒருவர். கேரள அரசு ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் தருவதால், அந்தப் படிவங்களையும் சான்றுகளையும் பற்றிப் பேசுவதற்காகவே அவர்கள் ஒருவரையொருவர் அறிந்து வைத்திருக்கிறார்கள். தலைப்பெழுத்துகளை வீட்டுப்பெயராக விரித்துச் சொல்லிப் பார்த்து, மூன்றாவது முயற்சியில் "அந்த வீடு சிறக்கரைப் பக்கம்" என்றார். மறுநாள் காலையில் அந்த வீட்டுத் திண்ணையில் இருந்தேன்.

கடிதம் எழுதியவர் உயிருடன் இல்லை. அவருடைய தங்கை மகள், எழுபதைக் கடந்தவர், கடிதத்தை வாங்கி எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். தமிழ் படிக்க அவருக்குத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். "ஞான்" என்று அடித்திருந்த இடத்தைச் சொன்னபோது, "மாமா எங்களுக்கு எழுதும்போது இதற்கு நேர்மாறாக 'நான்' என்று எழுதிவிட்டு அடிப்பார்" என்றார். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் மிஞ்சவில்லை. (பெயர் வெளியில் வர வேண்டாம் என்று அக்குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை.)

உங்கள் கடிதத்தில் உள்ள தலைப்பெழுத்துகள் எந்த ஊர் வழக்கப்படி வந்தவை என்பதை முதலில் விசாரியுங்கள். கம்பெனிப் பெயர் இருந்தால், அது பின்னாளில் வேறு பெயருக்கு மாறியதா என்றும் பாருங்கள். கம்பெனி கடல் கடந்து போயிருந்தால், சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்துள்ள பழைய செய்தித்தாள்களில் விளம்பரங்களைத் தேடலாம்.

என் கடிதத்தில் இன்னும் ஒருவர் மிச்சம் இருக்கிறார். "சின்ன ஜோக்கர் உங்களை விசாரித்தான், பச்சைச் சட்டை இன்னும் கிழியவில்லை என்று சொல்லச் சொன்னான்" என்று கடைசி வரியில் வருகிறது. அவருக்கு வீட்டுப்பெயரும் இல்லை, தலைப்பெழுத்தும் இல்லை. ஒரு விஷுவுக்கு மாமாவுடன் வந்து தங்கியிருந்தார், தெலுங்கு பேசினார் என்பது மட்டும் அந்த அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அடுத்து அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.