பரண் மூடியின் ஓரத்தில் இறங்கும் குளிர்காற்று

கூரைக்கடியிலுள்ள பரணுக்கு ஏறும் வாயின் மூடியோரம் குளிர்காற்று இறங்கினால், மூடிமேல் வெப்பக்காப்புக்காக ஒட்டிய நுரைப்பலகையின் தடிமனைக் கூட்டுவதால் பயனில்லை. மூடி உட்காரும் சட்டத்தின் விளிம்பில் நான்கு பக்கமும் அமுங்கும் ரப்பர் பட்டையை மூலைகளில் இடைவெளி விடாமல் ஒட்டி, கீழிருந்து திருப்பக்கூடிய இரண்டு கொண்டிகளால் மூடியை அதன்மீது இறுக்குங்கள்.

12 மி.மீ. ப்ளைவுட்டில் நீங்களே செய்த மூடியின் மேல் 50 மி.மீ. நுரைப்பலகை ஒட்டிய பின்னும் மாடிப்படி உச்சியில் குளிர்காற்று இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு இலேசான மூடி தன் எடையால் மட்டும் பட்டையை அமுக்காது என்பதே பெரும்பாலும் காரணம். ப்ளைவுட் சற்றே வளைந்திருந்தாலும் ஒரு மூலை தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

சோதிப்பது எளிது. மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு பக்கத்திலும் வைத்து மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள்; தடையின்றி உருவிக்கொண்டு வரும் இடத்தில் பட்டை அமுங்கவில்லை. சட்டத்துக்கும் அதைச் சுற்றியுள்ள உட்கூரைப் பலகைக்கும் இடையே விரிசல் இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை.

ஆனால், இங்கிலாந்து வீடுகளின் குளிர்ப்பரணில், அதாவது வெப்பக்காப்பு கூரைச் சரிவில் இல்லாமல் பரணின் தரையில் மட்டும் உள்ள பரணில், இறவாரத்து இடைவெளிகள் ஈரக்காற்று வெளியேறுவதற்காகவே விடப்பட்டவை. குளிருக்குப் பயந்து அவற்றை வெப்பக்காப்புக் கம்பளியால் அடைத்துவிட்டால் கூரைக் கட்டைகளில் நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும்.