ஸ்பேசரா, ஸ்பிரிங்கா?

கேள்வி: என் இசுசு டி-மேக்ஸ் பிக்-அப் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து, வாய்க்கால் கரையில் அடிப்பாகம் உரசுகிறது. 2 அங்குலம் உயர்த்த ஸ்பேசர் என்ற தடித்த இடைவளையம் போதுமா, நீளமான ஸ்பிரிங் வேண்டுமா?
– விவசாயி, மன்னார்குடி

பதில்: ஏன் தாழ்ந்தது என்று சொல்லவில்லையே! ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்பேசர் வீண் செலவு. ஸ்பிரிங் நன்றாக இருந்து, முன்னால் கனமான பம்பரும் இல்லையென்றால் அது மலிவான வழிதான். உயரம் கூடும், விறைப்பு மாறாது. ஆனால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு) தலையில் வைக்கும் ஸ்பேசர் அந்தத் தொகுப்பை அப்படியே கீழே தள்ளும். அதனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் முனையிலுள்ள பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு அளவுக்கு மீறிச் சாயும். ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்பேசர் அடுக்கும் பட்டறைகளைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சம்பா மழையில் குழிந்த களிமண் பாதையில் ஓட்டுகிறவருக்கு, வண்டியின் எடைக்கேற்ற ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன். பின்னால் நெல் மூட்டை ஏற்றுவீர்கள். அங்கே ஆக்சிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்தால் உயரம் மட்டுமே கிடைக்கும். பாரம் தாங்க அந்த ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேருங்கள். வண்டியின் உடல் உயர்ந்தாலும், பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் இவை எதனாலும் ஒரு நூல்கூட உயராது, அதற்குப் பெரிய டயர்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்து, ஹெட்லைட்டின் ஒளியையும் சற்றுத் தாழ்த்திவிடுங்கள்.