வேலையை விடாமல் குழந்தையை வளர்க்க முடியுமா? கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்

எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். மகள் நான்காம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. கணவருக்குக் கோவையில் வேலை. சனிக்கிழமை ராத்திரி மலையேறி வருவார், திங்கட்கிழமை விடியும் முன்னே இறங்கிவிடுவார். சமாளிக்கிறேனா என்றால், பாதி நாள் ஆமாம்.

என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். கைக்குழந்தையிலேயே என்னைப் பிள்ளை மடுவத்தில், அதாவது எஸ்டேட் காப்பகத்தில் விட்டாராம். வரிசையாகச் சேலைத் தூளிகள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு போவார். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் இருந்தே ஆக வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அந்த இடம் சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் அத்தனைக்கும் ஒழுகும். ஆனால் காலையில் பிள்ளையை எங்கே விடுவது என்று அம்மா ஒரு நாளும் முழித்ததில்லை.

பி.காம். படித்து நாற்காலியில் உட்கார்ந்த எனக்கு அது வாய்க்கவில்லை. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம், தாய் தினமும் நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். விடுப்பு கிடைத்தது. காப்பகத்துக்கு வழியில்லை, எங்கள் பேக்டரியில் மொத்தமே 32 பேர். உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

மகனைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். "சும்மாதானே இருக்கேன், காசெல்லாம் வேண்டாம்" என்றார். பிடிவாதமாக மாதச் சம்பளம் பேசிக் கொடுத்தேன். இனாமாகச் செய்பவரிடம் இன்றைக்கு ஏழு மணி ஆகும் என்று எப்படிச் சொல்வது? பணம் கொடுப்பதால்தான் வாய் திறந்து கேட்க முடிகிறது.

மகள் கதை வேறு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்குத் தேயிலைக்கு நடுவே பத்து நிமிட நடை. சாயங்காலம் காட்டெருமை நிற்கும், சில நாள் கரடி. தனியாக வா என்று விட முடியாது. அதனால் நான்கு வீடு சேர்ந்து முறை வைத்திருக்கிறோம். யார் முறையோ அவர் போய் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வர வேண்டும். என் முறை வியாழக்கிழமை. அன்றைக்கு நாலு மணிக்குக் கிளம்பி, விட்ட வேலையைச் சனிக்கிழமை முடிக்கிறேன். இதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வைத்தேன். தினமும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைவிட அது மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் குலையும். காலையில் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிடுவார். பேக்டரிக்கு ஏது விடுமுறை? வந்த இலையை அன்றைக்கே வாட்டப் போட வேண்டும், எடையை நான் எழுத வேண்டும். அந்த நாட்களில் மகள் என் மேசைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பழைய எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் படம் வரைவாள். மெஷின் பக்கம் மட்டும் போகக் கூடாது. முதல் தடவை முதலாளி முகத்தைச் சுளித்தார். இப்போது அவரே வர்க்கி வாங்கித் தருகிறார்.

ஆகவே, வேலையை விடுவதற்கு முன்னால் நடக்கிற தூரத்தில் ஓர் ஆள் கிடைக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். அதிகாலையில் எழுந்து பட்டியல் போட்டு வாழ்வது எப்படி என்று நிறையப் பேர் சொல்வார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், இந்தக் குளிரில் துணி காயாததற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

இப்போது கணவர், குடும்பத்தோடு கோவைக்கே வந்துவிடு என்கிறார். சம்பளமும் அங்கே கூடுதல்தான். ஆனால் அக்காவையும் அந்த நான்கு வீட்டையும் பெயர்த்துக்கொண்டு போக முடியாதே. மே மாதம் பள்ளி விடுமுறை வரட்டும், சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.