டர்பனில் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் நீதி கற்றுத்தரும் அமைப்பை எப்படி நடத்துவது?

கேட்டவர் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி மண்டபம் கிடைக்கும், 13 முதல் 18 வயதுக்குள் இருபது பிள்ளைகள் வருவார்கள், மரம் நடுவதில் தொடங்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் குப்பைமேடு ஏன் எங்கள் தெருவுக்குப் பின்னால் வந்தது, கடலோரப் பங்களாக்களுக்குப் பின்னால் ஏன் போகவில்லை என்று ஒரு பிள்ளை கேட்பதற்கு அதில் வழியில்லை. சுற்றுச்சூழல் நீதி என்பதே அந்தக் கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அலுவலகத்திடம், கையில் ஆதாரத்தோடு, ஒரு சரியான கேள்வியைக் கேட்கப் பழக்கினால் போதும். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடு செய்யாத சூழலில் வாழும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. 32-ஆம் பிரிவு அரசு வைத்திருக்கும் தகவலைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. இந்த இரண்டையும் முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுங்கள். ஓர் ஆண்டுக்கான பாடத்திட்டம் அதிலேயே இருக்கிறது.

முதல் மூன்று சனிக்கிழமைகளை வரைபடத்துக்கு ஒதுக்குங்கள். நகரத்தின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு, மேலே மூன்று ட்ரேசிங் தாள்கள் வையுங்கள். முதல் தாளில் ஆலைகளும் அவை வந்த ஆண்டும்: வென்ட்வொர்த் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1954, அடுத்த சுத்திகரிப்பு ஆலை 1963, மீர்பேங்க் காகித ஆலை 1971, கிளேர் எஸ்டேட்டில் பிசாசர் ரோடு குப்பைமேடு 1980. இரண்டாம் தாளில், மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் யாரை எங்கே வைத்தது என்பது. மூன்றாம் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஆயாவும் தாத்தாவும் எங்கிருந்து வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு வந்து குறிக்கட்டும். கேட்டோ மேனரிலிருந்து அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கி வரப்பட்ட குடும்பம் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், நீங்கள் விரிவுரை நடத்த வேண்டியதில்லை.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு பழைய துண்டறிக்கைகளை அப்படியே எடுத்து வாசிப்பது. 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பிறகு வென்ட்வொர்த் ஆலை எண்ணெய் சுத்திகரிப்பதில்லை. இன்னொன்றும் 2022-இல் நின்றுவிட்டது. அந்தப் பகுதியிலிருந்து வரும் பிள்ளைக்கு இது தெரியும். நீங்கள் இன்னும் புகைகிறது என்று சொன்னால் அடுத்து சொல்லும் எதையும் அந்தப் பிள்ளை நம்பாது. நின்றுபோன ஆலையின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் என்ன மிச்சமிருக்கிறது, வேலை இழந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பவையே இன்றைய கேள்விகள்.

நாற்ற நோட்டு

வரைபடம் முடிந்ததும் ஆளுக்கொரு கெட்டி அட்டைக் கவுன்டர் புத்தகம் கொடுங்கள். தாள் கிழித்தால் தெரியும்படி பக்க எண் போட்டிருக்க வேண்டும். ஆறு கட்டங்கள்: தேதி, தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், நின்ற இடம், நாற்றம் எதைப்போல, காற்று, உடம்பில் என்ன. நாற்றத்தைப் பிள்ளையின் சொந்தச் சொல்லிலேயே எழுத விடுங்கள்: அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோசு, பாரஃபின் (மண்ணெண்ணெய்), எரிந்த ரப்பர். 'ரசாயன நாற்றம்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அழுகிய முட்டை என்றால் கந்தகச் சேர்மம் என்று அதிகாரி அந்த வழியில் தேடுவார்.

காற்றுத் திசையில்தான் பாதி நோட்டுகள் கெட்டுப்போகும். காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் பெயர். பிள்ளைகள் அது போகும் திசையை எழுதிவிடுவார்கள். டர்பனில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று அல்லது தென்மேற்குக் காற்று. இரண்டும் நேரெதிர் என்பதால் இந்தத் தவறு ஒன்றே பழியை எதிர்ப்பக்கத்து ஆலையின்மேல் போட்டுவிடும். ஒரு கோலில் ரிப்பன் கட்டி, அதன் நுனிக்கு முதுகு காட்டி, முகத்தில் காற்றுப்படும்படி நின்று, முகம் பார்க்கும் திசையை எழுது என்று சொன்னால் குழப்பம் தீரும். கைபேசித் திசைகாட்டியை இரும்பு வேலிக்குப் பக்கத்தில் பார்த்தால் அதுவும் பொய் சொல்லும்.

நாற்றம் இல்லாத நாளிலும் 'இல்லை' என்று எழுத வேண்டும். மோசமான நாள்கள் மட்டுமே உள்ள நோட்டை நகராட்சி ஒரே கேள்வியில் தள்ளிவிடும்: மற்ற நாள்களில் எப்படி இருந்தது? ஞாயிறு இரவு உட்கார்ந்து ஒரு வாரத்தையும் ஒரே பேனாவில் நிரப்பிய பக்கம் பார்த்தாலே தெரியும். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த வாரத்தின்மேல் ஒரு கோடு போட்டு 'நினைவிலிருந்து எழுதியது' என்று அவரே கையெழுத்திடட்டும். குளிர்காலக் காலைகளில் குளிர்ந்த காற்று தரையோடு தேங்கிப் புகையை மேலே போக விடாது. ஆகவே மே முதல் ஆகஸ்ட் வரை, பள்ளிக்குப் புறப்படும் நேரத்துப் பதிவு ஒன்று கட்டாயம்.

இந்த உழைப்பு வீணல்ல. மீர்பேங்கில் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே இருந்த செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில், பிள்ளைகளின் ஆஸ்துமாவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து எண்ணிக்கையாக வைத்தார்கள். தென் டர்பன் மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த புகாருக்கு அது பெரும் வலுச் சேர்த்தது.

மலிவான நுண்துகள் மானி வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் டர்பனின் ஈரப்பதத்தில் அது நீர்த்துளியையும் தூசியாக எண்ணி அதிகமாகக் காட்டும். 2.5 மைக்ரான் துகளுக்கு நாட்டின் 24 மணிநேர வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2030 முதல் அது 25 ஆகும். உங்கள் மானி மூடுபனிக் காலையில் 60 காட்டியது என்று செய்தித்தாளுக்கு ஓடினால் மறுநாள் வெட்கப்பட நேரும். காலையும் மாலையும் ஒப்பிட, தெருவும் தெருவும் ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆற்றங்கரையில்

சாட்ஸ்வொர்த்தின் ஓரமாக ஓடும் உம்ஹ்லதுசானா நதிதான் உங்களுக்கு மிக அருகிலுள்ள ஆய்வுக்கூடம். அதற்கு, நீரில் வாழும் சிற்றுயிர்களை வைத்து நதியின் நலத்தை மதிப்பிடும் மினிசாஸ் முறையைக் கற்றுக்கொடுங்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் உருவாகி வளர்ந்த முறை அது. ஒரு சிறு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, அடையாளத் தாள், சுமார் ஐந்து நிமிடச் சேகரிப்பு. தண்ணீரில் வாழும் பூச்சி, புழு, நண்டு எல்லாம் 13 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மாசைத் தாங்காத உயிருக்கு அதிகம். கண்ட குழுக்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, குழுக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு குழுவில் எத்தனை உயிர்கள் என்பது கணக்கில் வராது.

தட்டில் புழு (2), ஈயின் இளம்புழு (2), நத்தை (4), சிறு மேஃப்ளை (5) இருந்தன என்று வையுங்கள். மொத்தம் 13, நான்கால் வகுத்தால் 3.25. மிக மோசமான நதி. இப்போது ஒரு பிள்ளை உற்சாகத்தில் தட்டிலிருந்த இன்னொரு மேஃப்ளையை, சுத்தமான நீரில் வாழும் பூச்சியான ஸ்டோன்ஃப்ளை என்று குறித்துவிட்டால் அதற்கு மதிப்பெண் 17. மொத்தம் 30, ஐந்தால் வகுத்தால் 6. ஒரே ஒரு தவறான பூச்சியால் சாக்கடை ஓடை பாதி சுத்தமாகிவிடுகிறது. ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு வால் என்று தாளில் படம் இருக்கும். ஆனால் மூன்று வால் மேஃப்ளைக்கு வலையில் ஒரு வால் ஒடிந்துபோவது சகஜம். வாலை நம்பாமல், உருப்பெருக்கியில் வயிற்றின் இரு பக்கமும் பாருங்கள். இலை இலையாகச் செவுள் அசைந்தால் அது மேஃப்ளை. காலின் நுனியில் ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு நகம், மேஃப்ளைக்கு ஒன்று. சந்தேகமானால் படம் எடுத்து வைத்துவிட்டு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மணல் நதிக்கும் பாறை நதிக்கும் முடிவுப் பட்டியல் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

கனமழைக்கு அடுத்த வாரம் எடுக்கக் கூடாது. வெள்ளம் பூச்சிகளை அடித்துப்போயிருக்கும், நதி உள்ளதைவிட மோசமாகத் தெரியும். இந்த மாகாணத்து நீரில் தோல் வழியே உடம்புக்குள் புகும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி உண்டு, கழிவுநீர்க் குழாய் உடைப்பும் உண்டு. முழங்கால் உயர ரப்பர் கம்பூட், கையுறை, சோப்பு, கரையில் ஒரு கேன் சுத்தமான தண்ணீர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். காலில் புண் இருக்கும் பிள்ளை கரையில் அமர்ந்து பதிவு எழுதலாம்.

கடிதம்

ஆறு மாதப் பதிவு சேர்ந்ததும் கேள்வி எழுதலாம். பாயா என்று எல்லோரும் சொல்லும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் அணுகல் சட்டத்தின் படிவம் 2-ஐ எடுங்கள். 'மாசு பற்றிய எல்லாத் தகவலும் தேவை' என்று எழுதினால் எதுவும் வராது. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன ஆலையின் காற்று உமிழ்வு உரிமம், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை அது சமர்ப்பித்த அளவீட்டு அறிக்கை, அதே காலத்தின் புகார்ப் பதிவேடு. உரிமம் தருவது மாநகராட்சி, அதாவது எதெக்வினி. அங்கே அனுப்ப வேண்டியதை மாகாணத்துக்கு அனுப்பினால் மாதம் வீணாகும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். 60 நாளுக்குள் உள்முறையீடு, அதற்கும் பலனில்லையென்றால் தகவல் ஒழுங்குமுறை ஆணையம். நாள்களைச் சுவர் நாள்காட்டியில் பிள்ளைகளே வட்டமிடட்டும். கையெழுத்து மட்டும் பெரியவருடையது. 18 வயதுக்குக் குறைந்தவரின் பெயரோ முகவரியோ புகாரில் போகக் கூடாது. ஆலையில் வேலை செய்யும் அப்பாக்கள் உங்கள் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பார்கள்.

புதிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரையிலான நாள்கள் அந்த 30-இல் சேராது. விடுமுறையில் அறிவிப்பு வந்தால் பதறாமல் எண்ணிப் பாருங்கள். பதாகை பிடிக்க ஆசைப்பட்டால், 15 பேர் வரை முன்னறிவிப்பு தேவையில்லை. அதற்கு மேல் ஏழு நாள் முன்பு அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

பதிவு, பணம், பாதுகாப்பு

சமூக மேம்பாட்டுத் துறையில் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதியக் கட்டணம் இல்லை. பதிந்த பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள்: நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் நடவடிக்கை அறிக்கையும் கணக்கும் அனுப்பாவிட்டால் பதிவே ரத்தாகலாம். அந்தத் தேதிக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். 'குழு பார்த்துக்கொள்ளும்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருவாய்த் துறையில் 18ஏ அங்கீகாரம் தனியாகப் பெற வேண்டும்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவரையும், கோயில் தலைவராக இருந்தாலும், குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் சரிபார்க்காமல் உள்ளே விடாதீர்கள். இதில் தயவுதாட்சண்யமே கூடாது. படம் வெளியிடப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

ஆலைகள் பணம் தர முன்வரும். டி-ஷர்ட், பேருந்து, மடிக்கணினி என்று ஆசையாகத்தான் வரும். நீங்கள் அளக்கும் ஆலையிடம் வாங்குவதில்லை என்ற தீர்மானத்தை, யாரும் தர வருவதற்கு முன்பே கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். காசோலையை மேசையில் வைத்துக்கொண்டு கொள்கை பேசுவது மிகக் கடினம்.

இந்தியப் பிள்ளைகளோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் வரைபடத்தில் பாதி காணாமல் போகும். கறுப்பின, கலப்பின மக்கள் வாழும் உம்லாசி, லாமன்ட்வில், வென்ட்வொர்த் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்திய, கறுப்பின மக்களுக்கிடையே ஏற்பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. எனவே முதல் கூட்டுச் சந்திப்பை எந்த ஒரு சமூகத்தின் மண்டபத்திலும் வைக்காமல் பொது நூலகத்தில் வையுங்கள். தாள்கள் ஆங்கிலத்திலும் ஐசிஸுலு எனும் சூலு மொழியிலும் இருக்கட்டும். சாப்பாடு ஹலாலாகவும், புரட்டாசியில் முழுச் சைவமாகவும் இருந்தால் யாரும் ஒதுங்கி உட்கார மாட்டார்கள்.

கடைசியாக, ஆலையை அளக்கும் பிள்ளைகள் நம் கோயிலையும் அளக்க வேண்டும். பூசை முடிந்த மறுநாள் காலை, நம்மவர்கள் பூசைப் பொருள்களை நீரில் விடும் ப்ளூ லகூன் ஆற்றுமுகக் கரைக்குக் கூட்டிப்போய், பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே கிடப்பதைப் பிரித்து எடைபோடச் சொல்லுங்கள்: தேங்காய், பூ, துணி, பிளாஸ்டிக் பை, கற்பூரப் பெட்டி, கண்ணாடி. தேங்காயும் பூவும் எடையில் முன்னே நிற்கலாம், ஆனால் எண்ணிக்கையையும் தனியாக எழுதினால் பையும் நூலும் வெளியே தெரியும். முடிவை முகநூலில் போடாமல் பிள்ளைகளே கோயில் குழுவிடம் நேரில் கொண்டுபோகட்டும். பூசைப் பொருள் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே போனால்தான், இந்த முறை துணிப்பை வாங்கலாம் என்று சொல்லக் குழுவுக்கு அவகாசம் இருக்கும்.