திரும்பிப் போகச் சொல்லாதீர்கள்

கேள்வி: மெல்போர்னில் கணவர், மகனுடன் இருக்கிறேன். எங்கள் மாடி அறையில் நாலு மாதமாக ஒரு ஜப்பானியப் பெண் வாடகைக்கு இருக்கிறாள். வயது 26. ஒசாகாவில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க விடும் வொர்க்கிங் ஹாலிடே விசாவில் தனியாக வந்தவள். வந்ததிலிருந்து ஒரு ஜப்பானிய உணவகத்தில்தான் வேலை, மணிக்கு 16 டாலர், கையில் ரொக்கம். எதைக் கேட்டாலும் பரவாயில்லை என்று சிரிக்கிறாள், ராத்திரி அழும் சத்தம் கேட்கிறது. ஊருக்கே திரும்பிப் போம்மா என்று சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். நீங்கள் அக்கறையில்தான் சொல்வீர்கள், ஆனால் அவர் வாடகை கொடுப்பது உங்களுக்கு. அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்றுதான் அவர் காதில் விழும். படிப்பு முடிந்த கையோடு ஏப்ரலில் எல்லாரும் ஒன்றாக வேலைக்குச் சேர்வதே வழக்கமாக இருக்கும் நாட்டிலிருந்து, இருந்த வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப அவர் எவ்வளவு யோசித்திருப்பார்! ஜப்பானில் நர்ஸ் உரிமம் காலாவதி ஆவதில்லை, திரும்பினால் வேலைக்குச் சேரலாம் என்பது நம்மைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் இருக்கிறார் என்றால் இருக்க நினைக்கிறார்.

நீங்கள் தனிமையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், எனக்கு உறுத்துவது அந்த 16 டாலர். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர், நிரந்தரமில்லாத கேஷுவல் வேலை என்றால் அதற்கு மேல் 25 சதவீதம், அதாவது 31 டாலரைத் தாண்ட வேண்டும். கிட்டத்தட்ட பாதியைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறார். ஏன் கேட்கவில்லை என்றால், வேலை, சாப்பாடு, தாய்மொழியில் பேச ஆள் எல்லாமே அவருக்கு அந்த ஒரே கடையில்தான் இருக்கும், வாயைத் திறந்தால் அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. முதலாளியால் யாருடைய விசாவையும் ரத்து செய்ய முடியாது, இதை அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை.

அதனால் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்பதை விடுங்கள், அதற்கு வரும் பதில்தான் உங்களுக்கே தெரியுமே. பே ஸ்லிப் தருகிறார்களா என்று கேளுங்கள். நேருக்கு நேர் கேட்டால் கூச்சப்படுவார், மெசேஜில் எழுதுங்கள், மொழிபெயர்த்துப் படித்து நிதானமாக யோசிப்பார். வேலை செய்த நாள், நேரம், வாங்கிய பணம் எல்லாவற்றையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கூலிப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஓம்புட்ஸ்மன் எண் 13 13 94. இங்கிலீஷ் தடையென்றால் அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450-ஐக் கூப்பிட்டு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் கேட்டால் அவர்களே அங்கே இணைத்துவிடுவார்கள். கூப்பிடுவதும் விடுவதும் அவர் முடிவு. அவருக்குத் தெரியாமல் நீங்கள் கடையில் போய்ப் பேசிவிடாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று, அந்த விசாவில் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. நாலு மாதம் ஆகிவிட்டது, அப்படியென்றால் எப்படியும் வேறு வேலை தேடத்தான் வேண்டும். முதியோர் இல்லங்களில் உதவியாளர் வேலைக்கு ஜப்பானிய நர்சுகள் நிறையப் பேர் போகிறார்கள். இங்கிலீஷ் கொஞ்சம் தேற வேண்டும், கூடவே அங்கே கேட்கும் சான்றிதழ்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வட்டத்தில் அந்தத் துறையில் இருக்கிற யாரையாவது அறிமுகப்படுத்துங்கள், வாரத்தில் ஒருநாள் நீங்களும் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து இங்கிலீஷில் பேசிப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவது நல்லதுதான், ஆனால் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், ஏன் வரவில்லை என்று துருவ வேண்டாம்.

அழுகையை மட்டும் காசு விஷயம் தீரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். புது ஊரில் சில நாள் அழுவது யாருக்கும் உள்ளதுதான், ஆனால் சாப்பிடாமல், தூங்காமல், வேலைக்கும் போகாமல் அறையிலேயே கிடந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், ஜப்பானிய மொழி பேசும் டாக்டர்கள் மெல்போர்னில் உண்டு. இந்த விசாவில் வரும் ஜப்பானியர்களுக்கு அங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, அதனால் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால்கூட லைஃப்லைன் என்ற மனநெருக்கடி உதவி எண் 13 11 14, உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 000. அந்த நேரத்தில் அவரைத் தனியாக விடாதீர்கள்.